பெயருக்குப் பின்னால் ஓர் அடைப்புக்குறி

கேள்வி: எனக்கு 38 வயது. ஈரோட்டில் வரி ஆலோசகராக இருக்கிறேன். வீட்டின் முன்னறைதான் அலுவலகம். மொத்தம் 46 கிளையண்ட். மனைவி பொதுத்துறை வங்கி அதிகாரி. பதவி உயர்வோடு ஒடிசாவுக்கு மாற்றலாகிப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. மகனுக்கு இரண்டரை. இருவரும் என்னோடுதான் இருக்கிறார்கள். கோபியிலிருந்து அம்மா மாதத்தில் ஏழெட்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போவார். அவருக்கு முழங்கால் வலி. பகலெல்லாம் பிள்ளைகளோடு போய்விடுகிறது. அவர்கள் தூங்கிய பிறகு விடிகாலை இரண்டு, மூன்று மணி வரை உட்கார்ந்து கணக்கு வேலை பார்க்கிறேன்.

போன மாதம் 20ஆம் தேதி இரவு மகனுக்குக் காய்ச்சல். மூன்று பேருக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட வேண்டியது பாக்கி, அன்றுதான் கடைசி நாள். மகள் வீட்டுப்பாட நோட்டைக் கொண்டுவந்து கீபோர்டின் மேல் வைத்தாள். அடித்துவிட்டேன். அவளை அடித்தது அதுதான் முதல் தடவை. அவள் அழவில்லை, நோட்டை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விட்டாள். இன்னும் அதுவே கண்ணில் நிற்கிறது.

மனைவி வீடியோ காலில் வந்தாலே சண்டை. "நகம் வெட்டலையா? அந்தச் சட்டையை ஏன் போட்டீங்க?" என்று ஆரம்பிப்பாள். மகனோ அவள் முகம் திரையில் தெரிந்ததும் ஓடிவிடுகிறான். அவள் அழுகிறாள். "என் மகன் எச்சில் தட்டு கழுவறதைப் பார்க்கத்தான் நான் இன்னும் இருக்கேனா" என்கிறார் அம்மா. அவளுக்கு மாற்றல் கிடைக்கும்வரை இதை எப்படிச் சமாளிப்பது?

பி.கு.: மகளுக்கு நான் போட்டுவிடும் இரட்டைச் சடை பதினோரு மணிக்குள் அவிழ்ந்துவிடுகிறதாம். அதற்கும் வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் நீளமானது, இங்கே சுருக்கித்தான் தந்திருக்கிறேன். முழுக் கடிதத்தில் "சமாளிக்கிறேன்" என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. "அவள் வரும்வரை" என்பது நான்கு இடத்தில். உங்கள் சிக்கலின் வேர் இந்த இரண்டு சொற்களில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அரசு அலுவலகங்களில் சில பெயர்ப்பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். பெயருக்குக் கீழே "வட்டாட்சியர் (பொறுப்பு)" என்று எழுதியிருக்கும். அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பவர் கையெழுத்துப் போடுவார், கோப்பு பார்ப்பார், திட்டும் வாங்குவார். ஆனால் அறையில் இருக்கும் பீரோவை இடம் மாற்றி வைக்க மாட்டார். நிரந்தர அதிகாரி எப்போது வருவார் என்றுதான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்களும் பதினான்கு மாதமாக உங்கள் வீட்டில் "அம்மா (பொறுப்பு)" என்ற பலகையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் உங்கள் கடிதத்தையே திரும்பப் படித்துப் பாருங்கள். மகள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் மனைவியின் எண்தான் இருக்கிறது. நாளை வெள்ளைச் சீருடை என்ற செய்தி பள்ளியிலிருந்து ஒடிசா போய், அவர் வங்கியில் மீட்டிங் முடிந்து பார்த்து, இரவு ஒன்பதரைக்கு உங்களுக்கு வருகிறது. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை எங்கே என்று உங்களுக்குத் தெரியாது. வீட்டில் இப்படி ஒரு மாற்றம் நடந்திருப்பதை 46 கிளையண்ட்டில் ஒருவரிடம்கூட நீங்கள் சொல்லவில்லை. மனைவி வீட்டில் இருந்த காலத்தில் எத்தனை பேருக்கு வேலை பார்த்தீர்களோ, அதே எண்ணிக்கையை இப்போதும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். குறைகிற நேரத்தைத் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொள்கிறீர்கள்.

குற்றம் முழுக்க உங்களுடையது என்று சொல்ல மாட்டேன். சட்டமே அப்பாவை அடைப்புக்குறிக்குள்தான் வைத்திருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு என்று பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் உண்டு. அது பெண்களுக்கு மட்டும்தான் இருந்தது. 2018 டிசம்பரில் ஆண்களுக்கும் நீட்டித்தார்கள், ஆனால் மனைவி இல்லாத ஆண்களுக்கு மட்டும். மனைவி இருந்து, அவர் தொலைவில் வேலை பார்த்து, பிள்ளைகளை அப்பாதான் வளர்க்கிறார் என்றால் அந்த விதியில் அவருக்கு இடமில்லை. குழந்தை பிறக்கும்போது கிடைக்கும் 15 நாள் தந்தைமை விடுப்பு மட்டும்தான். தனியாரில் வேலை செய்பவர்களுக்கு அந்த 15 நாளையும் உறுதி செய்ய நாட்டில் சட்டம் கிடையாது. உங்களைப் போலச் சொந்தத் தொழில் செய்பவருக்கு விடுப்பு கொடுக்க யாருமே இல்லை, நீங்களே கொடுத்துக்கொண்டால்தான் உண்டு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

"என்ன இருந்தாலும் அம்மா மாதிரி வருமா?" என்று கேட்டிருந்தீர்கள். இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் என்ற ஆய்வாளரின் குழு பெற்றோர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டது. தாயே இல்லாமல் இரண்டு தந்தையர் சேர்ந்து கைக்குழந்தையை வளர்க்கும் வீடுகளும் அந்த ஆய்வில் இருந்தன. பிள்ளைக்கு ஏதோ என்றதும் திடுக்கிட்டு விழிக்க வைக்கும் பகுதி ஒன்று மூளையில் இருக்கிறது. அது குழந்தையை முதன்மையாகப் பார்த்துக்கொண்ட தாய்மாரிடம் எந்த அளவுக்கு வேலை செய்ததோ, கிட்டத்தட்ட அதே அளவுக்கு இந்தத் தந்தையரிடமும் வேலை செய்தது. துணைக்கு மட்டும் நின்ற தந்தையரிடம் அது அவ்வளவு இல்லை. இரவில் பையன் புரண்டு படுத்தால் உங்களுக்கு விழிப்பு வருகிறது என்று எழுதியிருந்தீர்களே, இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்ததா?

இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லும் எனக்கு அந்த அனுபவம் இல்லை. என் இரண்டு பிள்ளைகளின் காய்ச்சலும் மறுநாள் காலையில் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இருபது வருடமாகக் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். ஆனால் சடை பின்னத் தெரியாது. இந்த விஷயத்தில் நீங்கள் எனக்கு மூத்தவர்.

இனி அந்த 20ஆம் தேதி இரவுக்கு வருவோம்.

மகளிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. மறுநாள் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்ததை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஐஸ்கிரீம் மன்னிப்பாகாது. பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு நோட்டு கொண்டுவந்தப்போ அப்பா உன்னை அடிச்சேன். அது தப்பு. நீ எதுவும் தப்பு செய்யலை" என்று சொல்லிவிடுங்கள். "ஆனா நீயும் அப்போ…" என்று ஒட்டுப் போட வேண்டாம். ஆறு வயதுக் குழந்தை காரணம் கேட்காது, தானாகவே ஒரு காரணத்தை வைத்துக்கொள்ளும். "நான் தொந்தரவு, அதனால்தான் அம்மாவும் போய்விட்டாள்" என்று அந்தக் காரணம் எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கும். அவள் அழாமல் போனதுதான் தாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனதோடு இந்த வாரமே பேசிவிடுங்கள்.

அந்த இரவை வேறு ஒரு கணக்கிலும் பாருங்கள், கணக்கு உங்கள் துறைதானே. மூன்று பேரின் ரிட்டர்ன் பாக்கி. ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தால் தாமதக் கட்டணம் ஆளுக்கு 50 ரூபாய், மூன்று பேருக்கு 150 ரூபாய். கூடவே ஒரு நாள் வட்டி. கிளையண்ட் நம்பிக்கை போய்விடும் என்பீர்கள். ஒவ்வொரு மாதமும் தள்ளினால் போகும்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அந்த மூன்று பேருக்கும் ஒரு போன் செய்து, "அபராதம் என் பொறுப்பு, நாளைக் காலையில் முடித்துவிடுகிறேன்" என்று சொல்லியிருந்தால் ஈரோட்டில் எந்த வியாபாரியும் ஆடிட்டரை மாற்றியிருக்க மாட்டார். நீங்கள் போன் செய்யவில்லை. காரணம், பிள்ளையைப் பார்ப்பது உங்கள் வேலை என்று வெளியே சொல்ல இன்னும் கூச்சம். கிளையண்ட்டிடம் பேசும்போது பையன் அழுதால் "அம்மா பார்த்துக்குவாங்க" என்று சொல்லிச் சமாளித்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அம்மா கோபியில்.

வேலை நேரத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பையன் ப்ளே ஸ்கூலில் இருப்பது ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை. மதியத் தூக்கம் ஒன்றரை மணி நேரம். பிள்ளைகள் படுத்த பிறகு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. கூட்டினால் ஆறரை மணி நேரம். அவ்வளவுதான் உங்கள் வேலை நாள். அந்த ஆறரைக்குள் எத்தனை கிளையண்ட் அடங்குவார்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், நிச்சயம் 46 பேர் இல்லை. ஒன்று, பி.காம் முடித்த ஒருவரைப் பகல் நேரத்துக்கு வேலைக்கு வையுங்கள். பில் பதிவதும் கணக்கு ஒத்துப்பார்ப்பதும் அவர் செய்யட்டும். இல்லையென்றால், பத்துப் பன்னிரண்டு பேரை நம்பிக்கையான இன்னொருவரிடம் ஒப்படையுங்கள். ஆண்டு விற்பனை ஐந்து கோடிக்குள் இருப்பவர்களுக்குக் காலாண்டு ரிட்டர்ன் வசதி இருக்கிறது என்று என் ஆடிட்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எத்தனை பேரை அதற்கு மாற்றியிருக்கிறீர்கள்? வருமானம் கொஞ்சம் குறையும்தான். உங்கள் மனைவிக்குப் பதவி உயர்வு வந்தபோது வீட்டு வருமானம் கூடியதே, அதில் ஒரு பகுதி இதற்காக வந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். "மனைவி காசில் உதவியாளர் வைப்பதா?" என்ற கேள்வி மனதில் எழுந்தால், வீட்டுக்காரர் காசில் வேலைக்கு ஆள் வைக்கும் பெண்களிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் முழுவதும் ஒரே மாதிரி இருக்காது என்பது உங்கள் தொழிலில் ஒரு வசதி. ரிட்டர்னுக்குக் கடைசி நாட்களான 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நெருக்கும் என்பது முன்பே தெரிந்த விஷயம். அந்த நாட்களை மகளையே காலண்டரில் சிவப்பு ஸ்கெட்ச்சால் வட்டம் போடச் சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தேதி படிக்கத் தெரியும். வட்டத்துக்கு முந்தைய மூன்று நாளும் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரைச் சம்பளத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். அம்மா கோபியிலிருந்து வரும் நாட்களையும் அப்படியே மாற்றி வையுங்கள். இப்போது அவர் அமாவாசை, கிருத்திகை பார்த்து வருகிறார், உங்களுக்கு நெருக்கடி வேறு நாளில். 21ஆம் தேதி மாலை வ.உ.சி. பூங்காவுக்கு என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பிஸியாக இருப்பதைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். எப்போது முடியும் என்று தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம்.

மற்ற நாட்களில் ஒரே ஒரு விதி போதும். மகள் பள்ளியிலிருந்து வந்த முதல் இருபது நிமிடம் போனும் லேப்டாப்பும் வேறு அறையில் இருக்கட்டும். பள்ளியில் நடந்ததைப் பிள்ளைகள் அந்த நேரத்தில்தான் கொட்டுவார்கள். இரவு படுக்கும்போது கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார்கள்.

காய்ச்சலைப் பற்றியும் ஒன்று. அன்று மனைவி போனில் சொல்லச் சொல்ல மருந்து ஊற்றினீர்கள். அவர் கையில் பாட்டிலே இல்லை. பாராசிட்டமால் சொட்டு மருந்து ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப் ஐந்து மில்லியில் 125 என்றும் வரும், 250 என்றும் வரும். பாட்டில் மாறினால் அளவே மாறிவிடும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இரண்டு பிள்ளைகளின் எடையையும் போட்டுப் பார்த்து, உங்கள் வீட்டில் இருக்கும் அதே பாட்டிலுக்கு எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதி வாங்கி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். எடை கூடும்போது அளவைத் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள். "அம்மா வரலையா?" என்று அங்கே கேட்பார்கள். "நான்தான் பார்த்துக்கிறேன், என்கிட்டயே சொல்லுங்க" என்றால் அடுத்த முறை கேட்க மாட்டார்கள்.

உங்கள் மனைவியைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தயக்கம், அவர் தரப்பை நான் கேட்கவில்லை. ஆனாலும் நகத்தைப் பற்றியும் சட்டையைப் பற்றியும் அவர் கேட்பது உங்களை வேவு பார்க்க என்று எனக்குத் தோன்றவில்லை. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும், ஆண்கள் 97 நிமிடம் என்றும் வந்தது. அந்த 299இல் பெரும்பங்கை அவர் வங்கி வேலையோடு சேர்த்துச் செய்துகொண்டிருந்தவர். ஒரே நாளில் கை காலியாகிவிட்டது. பிள்ளைகள் மேல் அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே பிடி அந்தக் கேள்விகள்தான். கேட்காதே என்றால் அந்தப் பிடியும் போய்விடும். அதற்குப் பதிலாக, அங்கிருந்தே முழுசாகச் செய்யக்கூடிய சில வேலைகளை அவரிடம் கொடுங்கள். பள்ளிக் கட்டணம், ஆசிரியரோடு மாதம் ஒரு முறை பேசுவது, மளிகைப் பட்டியல், மகளுக்கு இரவில் போனில் பாடம் வாசித்துக் காட்டுவது, இவையெல்லாம் அவர் பொறுப்பு. அதில் நீங்கள் தலையிட வேண்டாம். அன்றன்றைக்கு என்ன சட்டை, என்ன சாப்பாடு என்பது உங்கள் முடிவு, அதில் அவர் தலையிட வேண்டாம். வகுப்புக் குழுவில் மட்டும் இருவர் எண்ணும் இருக்கட்டும். அது அம்மாக்கள் குழு என்பதால் கூச்சமாக இருந்தால் வகுப்பு ஆசிரியரிடமே சேர்க்கச் சொல்லுங்கள்.

பையன் ஓடுவதற்கு வருவோம். இரண்டரை வயதுக் குழந்தைக்கு "அம்மாகிட்ட பேசு" என்பது பரீட்சை மாதிரி. என்ன பேசுவான்? அவன் சாப்பிடும்போது போனைச் சொம்பின் மேல் சாய்த்து வையுங்கள், அங்கே அவரும் சாப்பிடட்டும். அவன் கார் ஓட்டும்போது பக்கத்தில் இருக்கட்டும். பார்க்கவே வேண்டாம், குரல் காதில் விழுந்தால் போதும். திரை கெடுதல்தானே என்று பயப்பட வேண்டாம். ஒன்றரை வயதுக்குள் திரையே வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்கூட வீடியோ காலுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. தீபாவளிக்கு அவர் வந்து இறங்கும்போது பையன் உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். பிடித்துத் தள்ளாதீர்கள். அரை நாள் போனால் தானே மடியேறுவான். அப்புறம் இன்னொன்று, கோபப்படாமல் படியுங்கள். அவன் அம்மாவை விட்டு உங்களிடம் ஓடிவரும்போது உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வருகிறதா? வந்தால் தப்பில்லை, மனிதர்தானே. அந்தச் சந்தோஷம் முகத்தில் தெரிந்தால் மட்டும் மனைவி உடைந்துபோவார்.

அம்மா சொல்வதற்குப் பதில் சொல்லி ஜெயிக்க முடியாது, முயலவும் வேண்டாம். அவர் இருக்கும்போது தட்டைக் கழுவாமல் ஒளித்து வைத்து, அவர் தூங்கியதும் கழுவுகிறீர்களாமே. அதை நிறுத்துங்கள். அவர் முன்னாலேயே கழுவுங்கள். மூன்று மாதத்தில் பழகிவிடும். உங்கள் மகனும் பார்த்துக்கொண்டுதான் இருப்பான்.

நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தந்த வரி ஒன்று: "எதிலும் பிடிப்பில்லை, பிள்ளைகள் தூங்கினால் போதும் என்றிருக்கிறது." நாலு மணி நேரம் தூங்குபவருக்கு யாருக்கும் இப்படித்தான் இருக்கும். அதனால் முதலில் பதினொன்றரைக்குப் படுங்கள். அப்படிப் படுத்தும் இரண்டு வாரத்துக்கு மேல் அதே நிலைமை என்றால், தூக்கம் வராமல் போனால், மறுபடியும் கை ஓங்கத் தோன்றினால், ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மாற்றலுக்கு முயல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெண் ஊழியர்களைக் கணவர் இருக்கும் ஊரிலோ அதற்கு அருகிலோ முடிந்தவரை பணியமர்த்தச் சொல்லி, 2014இலேயே நிதி அமைச்சகம் பொதுத்துறை வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி அவர் விண்ணப்பிக்கட்டும். ஆனால் நாளைக்கே அவர் ஈரோட்டுக்கு வந்துவிட்டாலும், காலை ஒன்பதரைக்கு வங்கிக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத்தான் வீடு திரும்புவார். நீங்கள் முன்னறையில் இருப்பீர்கள். பள்ளி வேன் வாசலில் நிற்கும்போது வெளியே போகப்போவது அப்போதும் நீங்கள்தான்.

சடை விஷயம் என் மனைவியிடம் கேட்டேன். எண்ணெய் தடவி லேசாக ஈரம் இருக்கும்போதே வகிடு எடுக்க வேண்டுமாம். பின்ன ஆரம்பிப்பதற்கு முன் காதுக்குப் பின்னால் வேரோடு சேர்த்து இரண்டு பக்கமும் மெல்லிய ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு, அப்புறம் மூன்றாகப் பிரித்துப் பின்ன வேண்டும். நுனியிலும் ஒரு பேண்ட், பிறகு மடித்து ரிப்பன். முதல் பேண்ட் இல்லாமல் ரிப்பனை மட்டும் இறுக்கினால் எப்படிக் கட்டினாலும் அவிழத்தான் செய்யுமாம்.